பிராடியா, பெலிச்சிக்கா? எதிரணி ரசிகர்கள் இருபது ஆண்டுகளாக நடத்திய வழக்கு

2000 ஜனவரி 4 அன்று அமெரிக்கக் கால்பந்து அணியான நியூயார்க் ஜெட்ஸ் தன் புதிய தலைமைப் பயிற்சியாளரை அறிமுகப்படுத்தப் பத்திரிகையாளர்களை அழைத்திருந்தது. முந்தைய நாள்தான் பில் பார்செல்ஸ் அப்பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். ஒப்பந்தப்படி அது அவருடைய உதவியாளர் பில் பெலிச்சிக்கிடம் வந்திருந்தது. கூட்டத்துக்கு வந்த பெலிச்சிக், அந்தப் பதவியிலிருந்து விலகுவதாக ஒரு தாளில் ஒற்றை வரி எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தார். பின்னர் அதன் காரணங்களைக் கூட்டத்தில் நெடுநேரம் விளக்கினார். அந்த மாதம் முடிவதற்குள் ஜெட்ஸின் நேர் எதிரியான நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. அவரை விடுவித்ததற்கு ஈடாக ஜெட்ஸுக்குக் கிடைத்தவற்றில் முக்கியமானது அந்த ஆண்டு டிராஃப்டின் (அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றுத் தேர்வுரிமை ஒன்று.

அதே ஆண்டு ஏப்ரலில் நடந்த டிராஃப்டில் ஜெட்ஸ் 18-ஆவது இடத்தில் சாட் பென்னிங்டனைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டு முதலில் தேர்வான குவாட்டர்பேக் (தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர்) அவர்தான். அவருக்குப் பிறகு மேலும் ஐந்து குவாட்டர்பேக்குகள் தேர்வான பின்னரே, ஆறாவது சுற்றில், 199-ஆவது இடத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டாம் பிராடியைப் பேட்ரியாட்ஸ் எடுத்துக்கொண்டது. 2001 செப்டம்பர் 23 அன்று ஃபாக்ஸ்பரோவில், பேட்ரியாட்ஸின் நிலைத்த குவாட்டர்பேக்கான ட்ரூ பிளெட்சோவை ஜெட்ஸின் தற்காப்பு ஆட்டக்காரர் மோ லூயிஸ் எல்லைக்கோட்டருகே மோதிச் சாய்த்தார். பிளெட்சோவுக்கு மார்புக்குள் இரத்தக்கசிவு ஏற்பட்டது, பிராடி களமிறங்கினார். ஆட்டத்தை ஜெட்ஸ் 10–3 என்று வென்றது.

பயிற்சியாளரை இழந்த அணியும் குவாட்டர்பேக்குக்கு வழி திறந்துவிட்ட அணியும் ஒன்றேயாக இருந்தது விதியின் கொடுமை என்று ஜெட்ஸ் ரசிகர்கள் இன்றளவும் மனம் நொந்து சொல்வதுண்டு. அடுத்த இருபது ஆண்டுகளில் அவர்களும், அதே பிரிவைச் சேர்ந்த பஃபலோ பில்ஸ், மயாமி டால்ஃபின்ஸ் ரசிகர்களும், சற்றுத் தள்ளியிருந்த இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் ரசிகர்களும் ஒரே கேள்வியைத் தங்களுக்குள் விவாதித்தார்கள். பேட்ரியாட்ஸின் வெற்றி யாருடையது? குவாட்டர்பேக்குடையதா, பயிற்சியாளருடையதா? எதிரணி ரசிகர்கள் எதை எதைச் சான்றாக முன்வைத்தார்கள், அவற்றுள் எவை தாங்கும், எவை தாங்கா என்பதை இந்த ஆய்வு ஆண்டுவாரியாகப் பார்க்கிறது.

பழக்கமில்லாத வாசகருக்கு ஒரு குறிப்பு. அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு நகர்வும் குவாட்டர்பேக்கின் கையில் தொடங்குகிறது. பந்தை எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா, யாருக்கு எறிவது என்பதைச் சில விநாடிகளில் அவர் தீர்மானிக்கிறார். ஆனால் எதிரணி பந்தை வைத்திருக்கும்போது அவர் களத்திலேயே இருப்பதில்லை. அந்த நேரம் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்குரியது. தலைமைப் பயிற்சியாளரோ இரண்டு பக்கத்துக்கும் பொறுப்பானவர். பேட்ரியாட்ஸில் பெலிச்சிக்கிடம் இன்னொரு அதிகாரமும் இருந்தது: எந்த வீரரைச் சேர்ப்பது, யாரை விடுவிப்பது என்பதில் இறுதிச் சொல் அவருடையது. இந்த இரண்டாவது அதிகாரத்தை விவாதத்தில் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கட்சி கட்டிய விதம்

எதிரணி ரசிகரின் வாதத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு காயம் இருக்கும். அதை அறியாமல் அந்த வாதத்தை எடைபோட முடியாது. பில்ஸ் ரசிகர்களைப் பாருங்கள். 2000 பருவம் முதல் 2016 வரை பதினேழு பருவங்கள் அவர்களுடைய அணி, வழக்கமான பருவத்துக்குப் பிந்தைய வெளியேற்றச் சுற்றான பிளேஆஃபையே எட்டவில்லை. பிராடி தன் ஆட்டவாழ்வு முழுவதிலும் பில்ஸுக்கு எதிராக முதல் ஆட்டக்காரராக இறங்கிய 36 ஆட்டங்களில் 33-ஐ வென்றார். ஆண்டுக்கு இருமுறை அவரை நேருக்கு நேர் பார்த்தவர்களுக்கு அவர்தான் அரக்கன். ஆனால் அதே பஃபலோவில் ஒரு தலைமுறை மூத்த ரசிகர்களுக்குப் பெலிச்சிக்கின் பெயர் அதற்கும் முன்பே தெரியும். 1991 ஜனவரியில் நடந்த, பருவத்தின் இறுதியாட்டமான 25-ஆவது சூப்பர் பவுலில் பில்ஸ் 20–19 என்று தோற்றபோது, வென்ற நியூயார்க் ஜயன்ட்ஸின் தற்காப்புப் பயிற்சியாளர் அவர்தான். பில்ஸின் வேகமான எறிதல் ஆட்டத்தை முடக்குவதற்காக அவர் வகுத்த திட்டத்தின் பிரதி ஓஹையோவின் கேன்டனில் உள்ள புகழரங்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரே ஊரில் தந்தை பயிற்சியாளரையும் மகன் குவாட்டர்பேக்கையும் குற்றவாளியாகக் காண இடமிருந்தது.

ஜெட்ஸ் ரசிகர்களுடைய நிலை வேறு. பெலிச்சிக் அவர்களுக்குக் கைவிட்டுப் போனவர். அவரை மேதை என்று ஒப்புக்கொண்டால் தங்கள் இழப்பு பெரிதாகிறது. அவர் சாதாரணர், பிராடி கிடைத்ததால் பிழைத்தவர் என்றால் மனம் கொஞ்சம் ஆறுகிறது. ஆகவே கிளீவ்லேண்டின் கணக்கை முதலில் எடுத்து வைத்தவர்களுள் அவர்களும் உண்டு. 1991 முதல் 1995 வரை கிளீவ்லேண்ட் பிரவுன்ஸின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த பெலிச்சிக் 36 ஆட்டங்களை வென்று 44-இல் தோற்றார். ஐந்து பருவங்களில் ஒன்றில் மட்டுமே தோல்வியைவிட வெற்றி கூடுதல்.

கோல்ட்ஸ் ரசிகர்களுக்கோ பேய்டன் மேனிங் இருந்தார். புள்ளிவிவரங்களில் தங்கள் குவாட்டர்பேக் மேலானவர் என்பதும், கோப்பைகள் எதிரணியிடம் சென்றதற்குக் காரணம் அங்கிருந்த பயிற்சியாளரும் தற்காப்பும்தான் என்பதும் அவர்களுடைய உறுதியான வாதம். பிராடியை ‘சிஸ்டம் குவாட்டர்பேக்’ என்று அழைக்கும் வழக்கு பரவியதில் இந்தத் தரப்பின் பங்கு பெரிது. பயிற்சியாளர் வகுத்த முறையில் பொருந்தியதால் மட்டும் சிறந்தவர், முறையை எடுத்துவிட்டால் சராசரி என்பது அந்தப் பெயரின் பொருள்.

மோசடிக் குற்றச்சாட்டையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2007 செப்டம்பரில் ஜெட்ஸுடனான ஆட்டத்தில் எதிரணிப் பயிற்சியாளர்களின் சைகைகளை விதிமீறிப் படம்பிடித்ததற்காகப் பெலிச்சிக்குக்கு 5 லட்சம் டாலரும் அணிக்கு 2.5 லட்சம் டாலரும் அபராதம் விதிக்கப்பட்டன. முதல் சுற்றுத் தேர்வுரிமை ஒன்றும் பறிக்கப்பட்டது. 2015 ஜனவரியில் கோல்ட்ஸை 45–7 என்று வென்ற ஆட்டத்தில் பந்துகளின் காற்றழுத்தம் குறைக்கப்பட்டிருந்தது என்ற விவகாரத்தில் பிராடிக்கு நான்கு ஆட்டத் தடை விதிக்கப்பட்டு, நீதிமன்றங்களைக் கடந்து 2016-இல் நடைமுறைக்கு வந்தது. முதலாவது பயிற்சியாளர் மீதான கறை, இரண்டாவது குவாட்டர்பேக் மீதான கறை. எவரைக் குறைக்க வேண்டுமோ அவருக்குரிய கறையை எடுத்துக்கொள்ளும் வசதி எதிரணி ரசிகருக்குக் கிடைத்தது. 45–7 என்ற ஆட்டத்தைப் பந்தின் காற்று தீர்மானித்தது என்று நான் நம்பவில்லை. படம்பிடித்தது தவறு என்பதில் எனக்கு ஐயமும் இல்லை. ஆனால் இந்த இரண்டும் நம் கேள்விக்கு விடை தருவதில்லை.

2001: தொடக்கத்தில் யார் யாரைத் தாங்கினார்கள்

முதல் கோப்பையின் கதையைப் பிராடியின் கதையாகச் சொல்வதே வழக்கம். எண்களோ வேறு விதமாகப் பேசுகின்றன. 2001 பருவத்தில் பிராடி எறிந்த டச் டவுன்கள் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்துப் புள்ளி பெறுவது) 18, எதிரணி இடைமறித்தவை 12. 2002 பிப்ரவரி 3 அன்று 36-ஆவது சூப்பர் பவுலில் செயின்ட் லூயிஸ் ராம்ஸை 20–17 என்று வென்றபோது அவர் எறிந்து பெற்றவை 145 கெஜம் மட்டுமே. ராம்ஸ் 14 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்று பந்தயக்காரர்கள் கணித்திருந்த ஆட்டம் அது. ராம்ஸின் ஓட்டக்காரர் மார்ஷல் ஃபால்க்கை, பந்து அவரிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு நகர்விலும் தொடர்ந்து மோதி நிறுத்துவது என்று பெலிச்சிக் திட்டமிட்டார். தற்காப்பு ஆட்டக்காரர் டை லா பந்தை இடைமறித்து 47 கெஜம் ஓடி டச் டவுன் எடுத்தார். இறுதியில் ஆடம் வினாட்டியேரி 48 கெஜ உதையில் ஆட்டத்தை முடித்தார். அந்த ஆண்டில் தாங்கிய தோள் தற்காப்புடையது என்று கோல்ட்ஸ் ரசிகர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் அந்த வாதத்தை அவர்கள் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதில்லை. ராம்ஸ் ஆட்டத்தின் கடைசி ஒன்றரை நிமிடத்தில், ஓய்வு அழைப்பு ஒன்றுகூட மிச்சமில்லாத நிலையில், கூடுதல் நேரத்துக்குக் காத்திருக்காமல் பந்தை முன்னே கொண்டுபோக அனுமதித்தது பயிற்சியாளர். கொண்டுபோனது 24 வயதுப் பிராடி. ஒருவரின் துணிவு மற்றவரின் நிதானம் இருந்ததால்தான் பயன்பட்டது.

இதற்கும் முன்னால் நடந்த இரண்டு முடிவுகளை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். 2000 பருவத்தில் பேட்ரியாட்ஸ் நான்கு குவாட்டர்பேக்குகளை அணிப்பட்டியலில் வைத்திருந்தது. வழக்கமான எண்ணிக்கை இரண்டு அல்லது மூன்று. நான்காமவர் பிராடி, அந்த ஆண்டு முழுவதும் அவர் எறிந்தவை மூன்று பந்துகள். ஐந்து ஆட்டங்களே வென்ற பலவீனமான அணி, ஒரு பயனும் தராத வீரருக்காக ஓரிடத்தை ஒதுக்கியது சாதாரண முடிவல்ல. பிராடியைத் தேர்ந்தெடுக்குமாறு பரிந்துரைத்த குவாட்டர்பேக் பயிற்சியாளர் டிக் ரீபைன் 2001 ஆகஸ்டில் பயிற்சி முகாமின்போது காலமானார். இந்த வழக்கில் அவருடைய பெயர் அரிதாகவே ஒலிப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. இரண்டாவது முடிவு 2001 நவம்பரில் வந்தது. அதற்கு எட்டு மாதங்கள் முன்புதான் பத்தாண்டுகளுக்கு 10.3 கோடி டாலர் என்று ஒப்பந்தம் செய்யப்பட்டிருந்த பிளெட்சோ உடல் தேறித் திரும்பியபோது, பெலிச்சிக் அவரை உட்காரவைத்து பிராடியையே தொடர்ந்து ஆடவைத்தார்.

இதே வகை முடிவை அவர் ஏற்கெனவே ஒருமுறை எடுத்து எரிந்துபோனவர். 1993 நவம்பரில் கிளீவ்லேண்டின் மண்ணின் மைந்தனாகக் கொண்டாடப்பட்ட பெர்னி கோசாரை, அணி 5–3 (ஐந்து வெற்றி, மூன்று தோல்வி) என்ற நல்ல நிலையில் இருந்தபோதே, நீக்கினார். மாற்றாக இருந்த வின்னி டெஸ்டவெர்டே அப்போது காயமடைந்திருந்தார். எஞ்சிய எட்டு ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று பிரவுன்ஸ் 7–9 என்று முடித்தது. ஊர் அவரை மன்னிக்கவில்லை. ஒரே மனிதர், ஒரே கடுமை. முதல்முறை மாற்றாக நிற்க ஆளில்லை, இரண்டாம் முறை பிராடி இருந்தார். குவாட்டர்பேக்கின் தரப்பில் வைக்கக்கூடிய மிக வலுவான சான்று இதுவென்று எனக்குப் படுகிறது. ஆனால் எதிரணி ரசிகர்கள் வெறும் 36–44 என்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

கோல்ட்ஸ் தரப்பின் சான்று 2004 ஜனவரியில் நடந்த மாநாட்டு இறுதியாட்டம் (சூப்பர் பவுலுக்கு முந்தைய சுற்று). பேட்ரியாட்ஸ் 24–14 என்று வென்ற அந்த ஆட்டத்தில் மேனிங்கின் எறிதல்களில் நான்கு இடைமறிக்கப்பட்டன. அவற்றுள் மூன்று டை லாவின் கைக்குச் சென்றன. பந்தைப் பிடிக்க ஓடுபவர்களைப் பேட்ரியாட்ஸின் தற்காப்பினர் பிடித்தும் இடித்தும் தடுத்தார்கள் என்று புகார் எழுந்தது; அடுத்த பருவத்தில் அத்தகைய தொடுதலுக்கு எதிரான விதியை நடுவர்கள் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துமாறு இந்த அணிகளின் லீக்கான என்.எஃப்.எல். அறிவுறுத்தியது. 2004-இல் மேனிங் 49 டச் டவுன்கள் எறிந்து அன்றைய சாதனையைப் படைத்தார். அதே பருவத்தின் கோப்பை மறுபடியும் பேட்ரியாட்ஸுக்கே போனது. பயிற்சியாளரின் தற்காப்பு விதியைச் சார்ந்து மட்டும் நின்றதில்லை என்பதற்கு இது போதும்.

2008: ஒரே எண், இரண்டு தீர்ப்புகள்

வழக்கின் நடுநாயகமான சான்று 2008 பருவம். முந்தைய ஆண்டு பேட்ரியாட்ஸ் வழக்கமான பருவத்தின் 16 ஆட்டங்களையும் வென்று 589 புள்ளிகள் குவித்திருந்தது; பிராடி 50 டச் டவுன்கள் எறிந்திருந்தார்; சூப்பர் பவுலில் மட்டும் ஜயன்ட்ஸிடம் 17–14 என்று தோற்றது. 2008-இன் முதல் ஆட்டத்தில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸின் பெர்னார்ட் பொல்லார்ட் மோதியதில் பிராடியின் இடது முழங்கால் தசைநார் கிழிந்து, பருவம் முழுவதையும் அவர் இழந்தார். பொறுப்பேற்ற மேட் கேசல், பல்கலைக்கழகத்தில் கார்சன் பால்மருக்கும் மேட் லைனார்ட்டுக்கும் பின்னால் அமர்ந்திருந்தவர். உயர்நிலைப் பள்ளிக்குப் பிறகு ஓர் ஆட்டத்தைக்கூட முதல் குவாட்டர்பேக்காகத் தொடங்கியதில்லை. அணி 11–5 என்று முடித்தது.

பயிற்சியாளரின் தரப்பார் இந்த எண்ணைத்தான் முதலில் மேசையில் வைப்பார்கள். பள்ளிக்குப் பிறகு ஆடாத ஒருவரை வைத்து 11 ஆட்டங்கள் வென்றவருக்கு எந்தக் குவாட்டர்பேக் தேவை என்று கேட்பார்கள். மறுதரப்பார் அதே எண்ணைத் திருப்பிப் பிடிப்பார்கள்: ஏறக்குறைய அதே வீரர்கள், அதே பயிற்சியாளர், அதே பந்துபிடிப்பவர் ரேண்டி மாஸ், ஒரே ஒருவர் இல்லாததால் வெற்றி ஐந்து குறைந்தது, புள்ளிகள் 589-இலிருந்து 410-ஆக இறங்கின, பிளேஆஃப் இடமும் பறிபோனது. இரண்டு வாதங்களும் உண்மையே. அணியின் கட்டுமானம் சராசரிக் குவாட்டர்பேக்கையும் பத்து வெற்றிகள்வரை தூக்கிச் செல்லக்கூடியதாக இருந்தது. அதற்கு மேல் கோப்பைவரை ஏறுவதற்குப் பிராடி வேண்டியிருந்தது. இப்படிப் பிரித்துப் பார்த்தால் முரண்பாடே இல்லை.

அந்த ஆண்டில் எதிரணி ரசிகர் அதிகம் பேசாத ஒரு திருப்பமும் உண்டு. 11–5 பெற்றும் பேட்ரியாட்ஸ் வெளியே நிற்கக் காரணம், அதே 11–5 பெற்ற மயாமி டால்ஃபின்ஸ் சமநிலை விதியால் பிரிவின் முதலிடத்தைப் பெற்றதுதான். டால்ஃபின்ஸின் குவாட்டர்பேக், ஜெட்ஸ் இன்னொரு குவாட்டர்பேக்கான ப்ரெட் ஃபாவ்ரைக் கொண்டுவந்ததும் வெளியே அனுப்பிய சாட் பென்னிங்டன். 2000 டிராஃப்டில் பிராடிக்கு 181 இடங்கள் முன்னால் தேர்வானவர், பிராடி இல்லாத ஆண்டில் பிரிவை வென்று, கடைசி ஆட்டத்தில் ஜெட்ஸையே தோற்கடித்தார். அதே டால்ஃபின்ஸ் செப்டம்பர் 21 அன்று ஃபாக்ஸ்பரோவில், ஓட்டக்காரர் ரானி பிரௌன் பந்தை நேரடியாகப் பெறும் ‘வைல்ட்கேட்’ அமைப்பால் பேட்ரியாட்ஸை 38–13 என்று நொறுக்கியது. எதிரணியின் புதிய திட்டத்துக்கு ஆட்டத்தின் நடுவே விடை காணாத பெலிச்சிக்கை அன்று காண முடிந்தது. குவாட்டர்பேக் இருந்திருந்தாலும் அந்தத் தோல்வியைத் தடுத்திருக்க முடியாது.

பலவீனமான பிரிவு என்ற வாதம்

2001 முதல் 2019 வரை பத்தொன்பது பருவங்களில் பதினேழில் பேட்ரியாட்ஸ் தன் பிரிவை வென்றது. பில்ஸ், ஜெட்ஸ், டால்ஃபின்ஸ் ஆகியவை ஆண்டுதோறும் பயிற்சியாளரையும் குவாட்டர்பேக்கையும் மாற்றிக்கொண்டிருந்ததால் இருவருமே உண்மையில் சோதிக்கப்படவில்லை என்று பிற பிரிவுகளின் ரசிகர்கள் சொல்வார்கள். இந்த மூன்று அணிகளின் ரசிகர்களும் தங்கள் அணியைத் தாங்களே இகழ்ந்து இதற்குத் தலையாட்டுவது கேட்கக் கஷ்டமானது. பிளேஆஃப் ஆட்டங்களை எண்ணிப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. பேட்ரியாட்ஸுக்காகப் பிராடி ஆடிய பிளேஆஃப் ஆட்டங்கள் 41. அவற்றுள் 30 வெற்றி. அந்த 41-இல் சொந்தப் பிரிவு அணியோடு மோதியவை இரண்டே இரண்டு, இரண்டும் ஜெட்ஸுடன்: 2007 ஜனவரியில் வெற்றி, 2011 ஜனவரியில் ரெக்ஸ் ரயன் பயிற்றுவித்த ஜெட்ஸிடம் 28–21 என்று சொந்த மண்ணில் தோல்வி. பலவீனமான பிரிவு அவர்களுக்கு வசதியான பாதையைக் கொடுத்திருக்கலாம். கோப்பைகள் வெளியாரிடமிருந்து வென்றவை.

ஓராண்டு இடைவெளியில் இரு இறுதியாட்டங்கள்

பங்கு ஆண்டுக்கு ஆண்டு மாறியது என்பதற்கு 2018 பிப்ரவரியையும் 2019 பிப்ரவரியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே போதும். 52-ஆவது சூப்பர் பவுலில் பிராடி 505 கெஜம் எறிந்தார். பேட்ரியாட்ஸ் ஒருமுறைகூடப் பந்தை உதைத்து ஒப்படைக்க நேரவில்லை. ஆனாலும் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் மாற்றுக் குவாட்டர்பேக் நிக் ஃபோல்ஸிடம் 41–33 என்று தோற்றது. மூன்று ஆண்டுகளுக்கு முன் சியாட்டில் சீஹாக்ஸின் கடைசி எறிதலை ஒரு கெஜ கோட்டில் இடைமறித்துக் கோப்பையைத் தந்த மால்கம் பட்லரை, பெலிச்சிக் அன்று தற்காப்பில் ஒரு நகர்வுக்குக்கூட இறக்கவில்லை. அதற்கான முழு விளக்கத்தை அவர் வெளிப்படையாகத் தந்ததே இல்லை. தோல்வியின் பெரும்பகுதி பயிற்சியாளருடையது என்று அன்று சொன்ன ஈகிள்ஸ் ரசிகரும் ஜெட்ஸ் ரசிகரும் சரியாகவே சொன்னார்கள்.

மறு ஆண்டு 53-ஆவது சூப்பர் பவுலில் பிராடி ஒரு டச் டவுன்கூட எறியவில்லை. ஓர் எறிதல் இடைமறிக்கப்பட்டது. பேட்ரியாட்ஸ் 13–3 என்று வென்றது. அந்தப் பருவத்தில் புள்ளிக் குவிப்பில் இரண்டாமிடம் பெற்ற ஷான் மெக்வே பயிற்றுவித்த ராம்ஸ் அணியை மூன்று புள்ளிகளில் கட்டிப்போட்டது பெலிச்சிக்கின் தற்காப்பு. முதல் கோப்பையும் கடைசிக் கோப்பையும் செயின்ட் லூயிஸிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்த அதே ராம்ஸுக்கு எதிராக, ஏறக்குறைய ஒரே பாணியில் வெல்லப்பட்டன. இடையில் 2017 பிப்ரவரியில் அட்லாண்டா ஃபால்கன்ஸிடம் 28–3 என்று பின்தங்கி, கூடுதல் நேரத்தில் 34–28 என்று மீண்ட ஆட்டமோ முற்றிலும் வேறு. அங்கே பிராடியை எடுத்துவிட்டால் கதையே இல்லை.

இருவரும் பிரிந்த பிறகு

2020 மார்ச்சில், 42 வயதில் பிராடி டாம்பா பே பக்கனியர்ஸுக்குப் போனார். எதிரணி ரசிகர்கள் நீண்டகாலம் காத்திருந்த பரிசோதனை தொடங்கியது. முதல் ஆண்டிலேயே தீர்ப்பும் எழுதப்பட்டது. முந்தைய ஆண்டு 7–9 பெற்றிருந்த டாம்பா பே 2021 பிப்ரவரியில் சீஃப்ஸை 31–9 என்று வென்று கோப்பை ஏந்தியது. பேட்ரியாட்ஸ் குவாட்டர்பேக் கேம் நியூட்டனை வைத்து 7–9 என்று முடித்தது. வழக்கு முடிந்தது என்று பஃபலோவில் கொண்டாடினார்கள்.

இது தூய்மையான பரிசோதனை இல்லை. தொற்றுக்காலம் காரணமாகப் பேட்ரியாட்ஸில் எட்டு வீரர்கள் அந்தப் பருவத்தை ஆடாமல் விலகினார்கள். வேறெந்த அணியிலும் இத்தனை பேர் விலகவில்லை. டாம்பாவில் மைக் எவன்ஸ், கிறிஸ் காட்வின் போன்ற தேர்ந்த பந்துபிடிப்பவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். இறுதியாட்டத்தில் பேட்ரிக் மஹோம்ஸின் சீஃப்ஸை ஒரு டச் டவுன்கூட எடுக்கவிடாமல் தடுத்தது டாம்பாவின் தற்காப்புப் பயிற்சியாளர் டாட் பவுல்ஸ் வகுத்த தற்காப்பு. பிராடி வென்ற ஏழாவது கோப்பைக்கும் ஒரு நல்ல தற்காப்புத் திட்டம் தேவைப்பட்டது. ஆனால் ‘சிஸ்டம் குவாட்டர்பேக்’ என்ற சொல்லுக்கு அந்த இரவோடு ஆயுள் முடிந்தது. புது ஊர், புது பயிற்சியாளர், புது ஆட்டமுறை. அங்கும் வென்றவரை முறையின் பிள்ளை என்று சொல்ல எவருக்கும் இடமில்லை.

பெலிச்சிக்கின் பக்கம் 2021-இல் இரண்டு ஆட்டங்களில் முழுமையாகத் தெரிந்தது, இரண்டுமே பஃபலோவில். டிசம்பர் 6 அன்று கடுங்காற்றில் புதுமுகக் குவாட்டர்பேக் மேக் ஜோன்ஸை மூன்றே முறை எறியவிட்டு, மற்ற நேரமெல்லாம் ஓட்டத்தையே நம்பி 14–10 என்று வென்றார். காற்றின் போக்கைப் படித்து ஆட்டத்தை இப்படிச் சுருக்கும் துணிவு வேறு எவருக்கும் இருந்திருக்குமா என்பது ஐயமே. ஆறு வாரங்கள் கழித்து, காற்றில்லாத உறைபனி இரவில், அதே பில்ஸ் 47–17 என்று அவர்களைத் துடைத்தெறிந்தது. திட்டத்தால் ஓரிரவை வெல்லலாம். எதிரே ஜாஷ் ஆலன் போன்ற குவாட்டர்பேக் நிற்கும்போது அதையே மறுபடி செய்ய முடிவதில்லை.

2022-இல் தாக்குதல் பயிற்சியாளர் ஜாஷ் மெக்டேனியல்ஸ் வெளியேறியபோது, தற்காப்பில் பெயர் பெற்ற மேட் பெட்ரீசியாவிடம் தாக்குதல் திட்டத்தை ஒப்படைத்தார் பெலிச்சிக். நல்ல முதலாண்டு கண்ட மேக் ஜோன்ஸ் அங்கிருந்து சரிந்தார். இளம் குவாட்டர்பேக்கின் இரண்டாம் ஆண்டை இப்படி வீணடித்தது மன்னிக்க முடியாத தவறு என்பது என் கருத்து. 2001-இல் ரீபைன் மறைந்த பிறகு குவாட்டர்பேக்குகளின் பயிற்சியில் தாமே நேரடியாக இறங்கிய அதே பயிற்சியாளர் செய்தது இது என்பதால் இன்னும் கூடுதலாக வலிக்கிறது.

2023-இன் கணக்கே எனக்கு எல்லாவற்றிலும் தெளிவான சான்றாகப் படுகிறது. தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் பேட்ரியாட்ஸ் எதிரணிக்கு விட்டுக்கொடுத்த புள்ளிகள் 10, 10, 6. மூன்றிலும் தோல்வி: கோல்ட்ஸிடம் 10–6, ஜயன்ட்ஸிடம் 10–7, லாஸ் ஏஞ்சல்ஸ் சார்ஜர்ஸிடம் 6–0. எழுபத்தோரு வயதிலும் தற்காப்பு வகுக்கும் கை தளரவில்லை. அந்தத் தற்காப்பை வெற்றியாக மாற்றச் சராசரிக் குவாட்டர்பேக் ஒருவரே போதுமாக இருந்திருக்கும். அவரைக்கூடத் தேடித்தர ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பெலிச்சிக்கால் முடியவில்லை. பயிற்சியாளர் பெலிச்சிக்கைத் தோற்கடித்தது ஆள்தேர்வாளர் பெலிச்சிக்.

எதிரணி ரசிகர்கள் இன்று ஒற்றை வரியில் சொல்லும் கணக்கு, பிராடி தொடங்காத வழக்கமான பருவ ஆட்டங்களில் பெலிச்சிக்கின் பதிவு 83–101 என்பது. கூட்டல் சரி. ஆனால் அதைப் பிரித்தால் நான்கு வேறு காலங்கள் தெரிகின்றன: கிளீவ்லேண்டில் 36–44, பிராடிக்கு முன் நியூ இங்கிலாந்தில் 5–13, பிராடி காயத்தாலும் தடையாலும் ஆடாத 2008, 2016 பருவங்களில் 13–6, அவர் போன பிறகு 29–38. மூன்றாவது காலத்தில் மட்டும் பயிற்சியாளர் ஓங்கி நிற்கிறார். அந்தக் காலத்தில் அணி, பிராடியைச் சுற்றிப் பல ஆண்டுகளாகக் கட்டப்பட்டு, அவர் திரும்பி வருவார் என்ற உறுதியோடு நின்ற அணி. குவாட்டர்பேக் களத்தில் இல்லாதபோதும் அவருடைய பங்கு அணிக்குள் இருந்தது. 83–101 என்பதைப் பெலிச்சிக்கின் தனி மதிப்பாகக் கொள்வதும், 13–6 என்பதை அப்படிக் கொள்வதும் ஒரே பிழையின் இரு முகங்கள். முதல் மூன்று கோப்பைகளில் பயிற்சியாளரின் பங்கை ஒருபடி கூடுதலாகவும், 2007-க்குப் பிந்தைய பெரும்பாலான ஆண்டுகளில் குவாட்டர்பேக்கின் பங்கைக் கூடுதலாகவும் நான் மதிப்பிடுகிறேன்; 2018 பருவம் அதற்கு விதிவிலக்கு.

2024 ஜனவரி 7 அன்று ஃபாக்ஸ்பரோவில் பனி பொழிந்துகொண்டிருந்தது. 2015 டிசம்பருக்குப் பிறகு பேட்ரியாட்ஸை ஒருமுறையும் வெல்லாமல், தொடர்ந்து பதினைந்து ஆட்டங்களில் தோற்றிருந்த ஜெட்ஸ், ஓட்டக்காரர் பிரீஸ் ஹாலை நம்பி ஆடி 17–3 என்று வென்றது. பேட்ரியாட்ஸின் பருவம் 4–13 என்று முடிந்தது. நான்கு நாட்கள் கழித்துப் பெலிச்சிக்கும் அணியும் பிரிவதாக அறிவிக்கப்பட்டது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒற்றை வரி எழுதிக் கொடுத்து விலகிய அணியின் கையில்தான் பேட்ரியாட்ஸ் பயிற்சியாளராக அவருடைய கடைசி ஆட்டம் முடிந்தது.